புகார்: நெடுங்கால் உள்ளான், நாற்பது

கேட் பூட்டில் சாவியைச் செருகிவிட்டு, திருப்பாமல், பம்ப் ஆபரேட்டர் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை மெதுவாக உள்ளே இழுக்கிறார். பின்னால் ஒன்பது பேர் கழுத்தில் தொலைநோக்கி தொங்க மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதற்கு மரியாதை மட்டும் காரணமல்ல. நகரத்தின் மொத்தக் கழிவுநீரும் குழாய் குழாயாக வந்து சேர்கிற சுத்திகரிப்பு நிலையம் அது. ஆபரேட்டர் இரண்டாம் தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்.

“இன்னிக்கு மூணாவது குளம். மொதல்ல அங்க போயிடுங்க. நாலாவதுல ஒண்ணும் இருக்காது, அது இன்னும் பதத்துக்கு வரல.”

ஒன்பது பேரும் மூன்றாவது குளத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். அங்கே பறவைகள் இருக்கின்றன. எப்போதும் இருக்கும். சேறு ஊறி, நெளிவதெல்லாம் மேலே வருகிற நாள் எதுவென்று ஆபரேட்டரின் மூக்குக்குத் தெரியும், பறவைகளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த மூக்கு பிசகியது நாலைந்து தடவைதான், அதுவும் ஜலதோஷம் பிடித்திருந்தபோது.

இந்த நாட்டில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் அரசாங்கம் கையைக் காட்டுவது நகரத்துக்கு மேற்கே இருக்கிற ஏரியை. அங்கே மூன்று மாடிக் கோபுரம் உண்டு, சிமெண்ட் பெஞ்சு உண்டு, அறுபது பறவைகளை வண்ணத்தில் வரைந்த பெரிய பலகையும் உண்டு. அறுபதும் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிடுகிறார்கள். போன மாதம் கல்யாணமாகி நாலே நாள் ஆன ஜோடி ஒன்று வந்து நின்றது. ஆபரேட்டருக்கே கூச்சமாகிவிட்டது.

“ஏம்மா, உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா?”

“இவரு கடலுக்குத்தான் கூப்பிட்டாரு அண்ணே. நான்தான் அடம் புடிச்சு இங்க கூட்டிட்டு வந்தேன்” என்றாள் அந்தப் பெண், மூக்கில் துணியும் கண்ணில் பூரிப்புமாக.

பறவைகளின் புத்தகப் பெயர்களை ஆபரேட்டர் பதிவுக்கு மட்டும்தான் பயன்படுத்துவார். வாய்ப்பேச்சில் வேறு கணக்கு. நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று, ஒரு வேலையும் செய்யாமல், திடீரென்று ஒரே ஒரு மீனை மட்டும் லபக்கென்று அடித்துக்கொண்டு போகிற குருட்டுக் கொக்குக்கு மேனேஜர் என்று பெயர். சிவந்த நீளக்கால்களோடு கும்பலாக நடக்கிற நெடுங்கால் உள்ளான்கள் நர்சம்மாக்கள். “நர்சம்மா எல்லாம் டூட்டிக்கு வந்தாச்சு, மேனேஜரத்தான் காணோம்” என்று அவர் சொன்னால், ஒன்பது பேரில் ஒருவரான பல் டாக்டர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார். தொலைநோக்கியைக் கையில் கொடுத்தால் ஆபரேட்டர் வாங்கமாட்டார். “பக்கத்துல பாத்தா பயமா இருக்கு சார், முழிக்குதுங்க” என்பார்.

இந்த ஒன்பது பேர் வருவதற்கு முன்னால் அவரைத் தேடி அந்த கேட்டுக்கு ஒருத்தரும் வந்ததில்லை. டீக்கடைக்காரர்கூடப் பாத்திரத்தைத் தெருமுனையில் வைத்துவிட்டு ஒரு விசில் அடித்துவிட்டுப் போய்விடுவார். சகலை, நாலு பேர் இருக்கும் இடத்தில், “எங்க அண்ணன் நீர்வளத்துல இருக்காரு” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றுவார். வேலை முடிந்து வந்தால், குளித்துவிட்டு வாசலிலேயே உட்காருங்கள் என்று மனைவி சொல்வதில் கோபம் கிடையாது, பழக்கம்தான். அப்படிப்பட்டவரைப் பார்த்து இப்போது நாலு மாதமாகத் தினமும் ஒன்பது பேர் குட்மார்னிங் சொல்கிறார்கள். அதில் ஒருவர் டாக்டர் வேறு. ஆபரேட்டர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்துவிட்டார்.

தொல்லை ஆரம்பித்தது அவருடைய ஒழுங்கினால்தான். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. நிலையத்தில் இருந்ததோ ஒரே ஒரு பதிவேடு. புகார்ப் பதிவேடு. நாற்றத்தைப் பற்றிச் சண்டை போடுவதைத் தவிர வேறு காரியமாக ஒரு மனுஷன் இங்கே வருவான் என்று அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஆபரேட்டர் கட்டம் தவறாமல் அதையே நிரப்பி வந்தார். புகாரின் தன்மை: நெடுங்கால் உள்ளான், நாற்பது. எடுக்கப்பட்ட நடவடிக்கை: நேரில் காட்டப்பட்டது. புகாரின் தன்மை: நீலத் தாழைக்கோழி. நடவடிக்கை: புகார்தாரர் வருவதற்குள் பறந்துவிட்டது, நாளை வரச் சொல்லப்பட்டது. கல்யாண ஜோடிக்கு, “புகார்தாரர்கள் கைகோத்தபடி மகிழ்ச்சியுடன் திரும்பினர்” என்று மனதாரச் சேர்த்து எழுதினார்.

வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் கூட்டிப் பார்த்தார்கள். மற்ற நிலையங்களில் ஏழு புகார், எட்டுப் புகார். இங்கே ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

போன சனிக்கிழமை காலை அங்கிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அலுவலகப் படியில் நாற்காலியைப் போடச் சொன்னார். அதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார் போலிருக்கிறது.

“கரண்டிவாயன்னா யாருங்க? இங்க வேலை பாக்கிறவரா? நாலு பேரு அவரப் பத்திப் புகார் குடுத்திருக்காங்க.”

“அது பறவை சார். வாய் கரண்டி மாதிரி இருக்கும். வருஷத்துல நாலே நாள்தான் வரும்.”

“நாலு நாள்லயே நாலு புகாரா?”

ஆபரேட்டர் ஆதியோடந்தமாக விளக்கினார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். நடுவில் பல் டாக்டர் உதவிக்கு ஓடிவந்து, “சார், இவ்வளவு அருமையான கழிவு இந்த நாட்டுலயே வேற எங்கயும் கெடையாது. எழுதியே தர்றேன்” என்று உணர்ச்சிவசப்பட்டார். அதிகாரி பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டது அந்தப் பதிவேட்டில் அடுத்த புகாராக ஏறியது.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது” என்றார் அதிகாரி. “ஆனா புகார்னு ஏறிடுச்சே. ஏறினத நான் அழிக்க முடியாது. காரணத்த நீக்கினாத்தான் ஃபைல மூட முடியும். காரணம் என்னன்னு நீங்களே ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கீங்க. ஓட்டிடுங்க.”

“எத சார்?”

“எல்லாத்தையும். நான் இங்க இருக்கும்போதே.”

“சார், அதுங்க பாட்டுக்கு...”

“உங்களால முடியலன்னா சொல்லுங்க. உங்கள வேற எடத்துக்கு மாத்திட்டு, ஓட்டத் தெரிஞ்ச ஆளப் போட்டுடறேன். அவ்வளவுதான்.”

கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ஆபரேட்டரை ஒடித்துப்போட்டது. ஓட்டினால் நாளைக்கு கேட்டுக்கு வெளியே யாரும் நிற்கப்போவதில்லை. ஓட்டாவிட்டால் கேட்டுக்கு உள்ளே அவர் இருக்கப்போவதில்லை. எண்ணெய்த் தகரம் ஒன்றை இடது கையிலும், வால்வு திருப்புகிற கம்பியை வலது கையிலும் எடுத்துக்கொண்டு மூன்றாவது குளத்தின் கரையில் இறங்கி நடந்தார். வேலிப் பக்கம் ஒன்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பறவைகள் அவரைப் பார்த்து நகரவில்லை. அவர் கால் பட்ட சேற்றிலிருந்து புழு கிளம்பும் என்று இத்தனை வருஷத்தில் அவை தெரிந்துவைத்திருந்தன. நர்சம்மாக்கள் நாற்பது பேரும் வரிசை வரிசையாக அவரை நோக்கியே வந்தார்கள். மேனேஜர் மூன்றடி தள்ளி வந்து நின்றுகொண்டது. படியிலிருந்து அதிகாரி, “அடிங்க!” என்று கத்தினார்.

ஆபரேட்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தகரத்தில் ஒன்று போட்டார்.

குளமே எழுந்தது. நாற்பது ஜோடிச் சிவப்புக் கால்கள் அவர் தலைக்கு மேலே இழுபட்டுப் போயின. அலறிக்கொண்டு ஒரு வட்டம் அடித்தன, இரண்டு வட்டம் அடித்தன. பிறகு, அடித்தது அவர்தானே என்று நினைத்தனவோ என்னவோ, மறுபடியும் அவர் காலடியிலேயே வந்து இறங்கின. இன்னும் நாலு அடி அடித்தால் அவற்றுக்கே புரிந்துவிடும், திரும்பி வராது என்று அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து எட்டு மணி ஆனது. குளத்துத் தண்ணீருக்குக் காற்றடிக்கிற இரண்டு மோட்டார்களும் வழக்கம்போலத் தாமாக ஓட ஆரம்பித்து, நிலையம் முழுக்க ஒரே இரைச்சலாக இரைந்தது. அதிகாரியின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கைக்குட்டை இல்லாத கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னும் பலமாக என்று சைகை காட்டினார்.

ஆபரேட்டர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். கம்பியைத் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் ஓங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, தகரத்தில் படாமல் தன் தொடையில் பலமாக ஒன்று போட்டார். மறுபடியும் ஓங்கினார்.