கார்டில் கூடிய இரண்டு சைபர்

இன்று காலை என் கிரெடிட் கார்டின் லிமிட் ஐம்பதாயிரத்திலிருந்து ஐம்பது லட்சமாகியிருந்தது. வங்கியில் யாரோ இரண்டு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஃபிளாட்காரரிடம் மட்டும்தான் சொன்னேன்.

மாலையில் அம்பத்தூர் ஆபீஸிலிருந்து வீடு திரும்பினால், எங்கள் குடியிருப்புச் சங்கப் பொருளாளர் வாசலில் நிற்கிறார். கூடவே போர்வெல் போடுகிறவர்!

“உங்க கார்டைத் தேய்ங்க சார், மாசாமாசம் நாங்க கட்டிடறோம். தப்பு பேங்க்கோடது, தண்ணி நம்மளுது” என்றார் பொருளாளர்.

“கார்டு தேய்க்கிற மிஷின் கையிலயே கீது சார்” என்றார் போர்வெல்காரர்.

ஆடிப்போய்விட்டேன்.

“பேங்க் அசந்தா நாம அள்ளிக்கிறதா? வெக்கமா இல்ல?” என்று கத்தி அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள்: “அப்ப காலையிலேர்ந்து நீங்க ஏன் பேங்க்குக்குப் போன் பண்ணல?”

பதில் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.