பதின்மூன்றாவது எழுத்து

அச்சகத்தில் எங்கள் அண்ணிக்குப் புள்ளியம்மா என்று பெயர். முப்பது வருடம் பிழை திருத்தினார். விட்டுப்போன புள்ளி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். ஓய்வு பெற்றபின் அந்தக் கண் சும்மா இருக்குமா? நேராக என் பழைய கடிகாரக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டைப்பையில் வைக்கும் பழைய கடிகாரங்களில் ஒரு வகை உண்டு. முகப்பில் எண்களே இருக்காது. கேட்டவர் சொன்ன பன்னிரண்டு எழுத்துகளை அந்த இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி ஒன்று வந்தால், அது முதலில் யாருடையது என்று கண்டுபிடிக்கும்வரை அண்ணி என்னை விற்க விடமாட்டார். என் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே புரியும்?

போன மாதம் வந்த கடிகாரத்தில் இப்படி இருந்தது: அன்பு தம்பிக்கு அண்ணன்.

"நடுவுல ‘த்’ எங்க?" என்றார் அண்ணி. "அன்புத் தம்பின்னுல்ல வரணும். இந்தத் தப்பை எப்படிப் பொறுத்துக்கிட்டாங்களோ."

முகப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில், முகப்பை எழுதியவரின் முத்திரையும் ஒரு எண்ணும் இருந்தன. எழுதியவர் இப்போது இல்லை. படங்களுக்குச் சட்டம் போடும் அவர் மகள், அப்பாவின் ஆர்டர் நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். எண்ணைச் சொன்னதும் போனிலேயே முகவரியைப் படித்தார். இறந்துபோன ஒரு தமிழ் வாத்தியாரின் வீடு அது.

வாத்தியாரின் மகளிடம் அண்ணி பேசினார்.

"எங்க அப்பாவா? ஒற்றெழுத்தை விடுறதுக்குப் பதிலா அவர் உயிரையே விட்டிருப்பாரு. இது அவரோடது இல்லைங்க."

அண்ணிக்கு அது நியாயமாகப் பட்டது. இனம் இனத்தை அறியாதா? வாத்தியாரின் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், வாத்தியாரின் தம்பி. அண்ணன் மகள் சொல்லிக் கேள்விப்பட்டாராம். கடிகாரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"நான் எழுதுற லெட்டரை எல்லாம் அண்ணன் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவாரு. கடைசியில ஒருநாள் ‘உங்க வாசப்படியையே மிதிக்க மாட்டேன்’னு வந்துட்டேன். அவர் போனப்பவும் போகலை. என்னை வேண்டாம்னே விட்டுட்டாருன்னு நினைச்சேன்." இன்னும் கிட்டக் குனிந்தார். "இது அவர் குடுத்ததா இருந்தா நல்லா இருக்கும்மா. ஆனா அவர் தப்பா எழுத மாட்டாரே."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணி போனை எடுத்து, முகப்பு எழுதியவரின் மகளிடம் நோட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். காதால் கேட்டுப் பிழை திருத்திய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

படம் வந்தது. பென்சில் வட்டம், சுற்றிலும் பன்னிரண்டு கோடுகள். மேலே மணிமணியான கையெழுத்தில் ‘அன்புத் தம்பிக்கு அண்ணன்’. அதில் ‘த்’ மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. கீழே, முகப்பு எழுதியவரின் குறிப்பு: ‘பதின்மூன்று எழுத்து. ஒன்று அதிகம். அன்பை எடுத்துவிட்டு வேறு வார்த்தை போடலாம் என்றேன். முடியாது என்று ஒற்றை அவரே அடித்தார்.’

பெரியவர் பக்கத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"நான் கோவிச்சுக்கிட்டு வந்ததுக்கு அடுத்த மாசம். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை, எப்படிக் குடுப்பாரு?" என்றார். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை அண்ணி பக்கம் நீட்டினார்.

"நீங்க படிச்சவங்க. சொல்லுங்கம்மா, இது தப்புதானே?"

முப்பது வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத எங்கள் அண்ணி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"சரியாத்தான் எழுதியிருக்காரு."