குடோன் ஓரம் நின்றவர்

போன வருடம் ஓணம் முடிந்த கையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. கணவருக்கு அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. நான் தெருவோரம் துணி தேய்க்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு மலையாளி அக்கா, நாங்கள் சேச்சி என்போம், தன் வீட்டுச் சுவரையொட்டி மேசை போட இடம் கொடுத்திருந்தார்.

எதிரே இருக்கும் மிளகுக் குடோன் ஓரத்தில், லுங்கி கட்டிய ஒரு ஆள் தினமும் சாயங்காலம் வந்து நிற்க ஆரம்பித்தார். வேலை வெட்டி எதுவும் கிடையாது. போகிற வருகிற பெண்களையும் பைக்குகளையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவர் போனில் தமிழ் பேசுவது காதில் விழுந்தது. எங்கள் தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் தமிழ்க்காரர்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இவன் கை வைத்தால் பழி நம் தலையில் விழுமே என்று கொதித்துப் போனேன்.

"திருட்டுப்பய, இங்க என்ன நோட்டம் விடுற?" என்று நான் போட்ட கூச்சலில் சுமைதூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

"எந்தாடா இவிடே காரியம்?" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"வேலை தேடி வந்தேன், சேட்டா."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. கன்னத்தைப் பிடித்தபடி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நானோ பெரிதாகச் சாதித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். சேச்சி எனக்கு சாயா போட்டுக் கொடுத்துப் பாராட்டினார்.

அடுத்த வாரமே, அதே இடத்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் சேச்சியின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். இழுத்த வேகத்தில் கீழே விழுந்தவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு வலது கை போனால் அப்புறம் என்ன மிச்சம்?

சேச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது விசாரிக்க வந்த போலீஸ்காரர்களில் ஒருவர், குடோன் ஓரம் நின்ற அந்த ஆள். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துக்காரராம். என்னை முன்பின் பார்த்தே இராதவர் போல, பைக் நம்பரைக் கவனித்தேனா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை.

"அன்னிக்கே போலீஸுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்" என்றேன்.

"சொன்னா தெருவுக்கே தெரிஞ்சு போகும் அக்கா. அந்தப் பைக் இந்த வழியா சுத்துதுன்னு தகவல் இருந்துச்சு. பறிக்கறதுக்கு முன்னமே பிடிச்சிரலாம்னுதான் நின்னேன். அந்தக் கலாட்டாவுக்கப்புறம் நிக்க முடியல. இனி போனதைத் தேடணும். கிட்டுமோ என்னமோ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மற்றவர்கள் எங்களைப் பார்க்கிற அதே கண்ணால்தானே நானும் அவரைப் பார்த்தேன்? சொல்லப்போனால், அந்த அறையை அடித்தது நான்தான்.

சங்கிலி இதுவரை கிடைக்கவில்லை. முறிந்த எலும்பு கூடிவிட்டது, ஆனால் சேச்சியால் முன்போல் கத்தரி பிடிக்க முடியவில்லை.

"மோளே, அன்னிக்கு நீ ஓட்டி விட்டியே, அவன் கூட்டக்காரங்கதான் இதைச் செஞ்சது. நீ மட்டுந்தான் அவனைக் கண்டுபிடிச்சே" என்று இப்போதும் எல்லோரிடமும் என்னைப் புகழ்கிறார். அந்த ஆள் போலீஸ் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை; தலையைக் குனிந்து துணி தேய்க்கிறேன். சேச்சிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தைரியம் எனக்குத் தேவைப்படுகிறதே என்று நினைக்கும்போதுதான் இன்னும் அதிகமாகக் கூசுகிறது.