நாலாவது மதகு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சசிரேகா, இணையக் கலைக்களஞ்சியத்தில் நூற்றுப் பதினான்கு கட்டுரைகள் எழுதியவள். பெரும்பாலும் ஏரிகளைப் பற்றி. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு வேண்டியது தெளிவான நகல்தான்.

சாலவாக்கத்துக்கு அருகே அவள் பிறந்த ஊரின் ஆவாரந்தாங்கல் ஏரிக் கட்டுரைக்குத்தான் ஆபத்து வந்தது. வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை செய்யும் வெங்கடேசன், அவள் முகம் பார்த்திராத சக எழுத்தாளர், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதினார்: "சான்று இல்லை. ஏழு நாளில் சேர்க்காவிட்டால் நீக்கலாம்." இன்னும் இருவர் அதை ஆமோதித்தார்கள்.

மூன்றாம் நாள் சான்று அகப்பட்டது. நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்தில், போன மாதம் வந்த செய்தி: 'நான்கு மதகுகள் கொண்ட ஆவாரந்தாங்கல் ஏரி.' அவள் சேர்த்தாள். "ஏற்கலாம்" என்றார் வெங்கடேசன். அவரிடமிருந்து அந்த ஒரு சொல் வருவதே அபூர்வம்.

மகிழ்ச்சியில், மறுநாளே மதகுகளைப் படம் எடுக்கக் கணவன் தாமோதரனோடு வண்டியில் ஊருக்குப் போனாள். கரை முழுக்க நடந்தார்கள்.

"இன்னாமே, நாலுன்னு எழுதிக்கீற? மூணுதான கீது?"

"அந்தாண்ட பாருய்யா, அதோ ஒண்ணு."

"அது கலங்கல். ஏரி ரொம்புனா தண்ணி தானா வழியிற எடம். அத்த மதகுன்னு சொன்னா உங்க ஊர்க்காரனே சிரிப்பான்."

சின்ன வயதில் அவள் குளித்த இடம் அது. நினைவிலிருந்து எழுதியபோது அதையும் மதகாக எண்ணிவிட்டாள். அப்படியானால் செய்தியாளர் எதை எண்ணினார்? அவர் ஏரிக்கே வந்திருக்க மாட்டார். அவள் கட்டுரையைத்தான் படித்திருப்பார். நம் தவறு இன்னொருவர் குரலில் திரும்பி வரும்போது உண்மையைப் போலவே ஒலிக்கிறது.

"பேப்பர்லயே நாலுன்னு போட்டுட்டான், உட்டுடு. எவன் வந்து எண்ணப் போறான்?"

"நான் எண்ணிட்டேனே."

"இதுக்குத்தான் நாலு நாளா பேஜார் பண்ணிக்கினு இருந்தியா? உன் கட்டுரைக்கு நீயே குழி தோண்டு, போ."

கரையிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினாள்: "மதகுகள் மூன்றுதான். பிழை என்னுடையது. நாளிதழ் என் கட்டுரையைப் பார்த்தே எழுதியிருக்கிறது, அது சான்றாகாது. நீக்குவதானால் நீக்குங்கள்." திரும்பும் வழியில் தாமோதரன் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

ஆறாம் நாள் வரை யாரும் பதில் எழுதவில்லை. ஏழாம் நாள் மதியம், சட்டையில் தவிட்டுத் தூசியோடு ஒருவர் கடைக்கு வந்து பழைய அச்சுப் புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"இதுல ரெண்டு பக்கம் காப்பி எடும்மா."

ஏரிகளின் அரசுப் பட்டியல். வரிசை எண் நாற்பத்தொன்றில் ஆவாரந்தாங்கல், மதகு மூன்று. சசிரேகா நிமிர்ந்து பார்த்தாள்.

"வெங்கடேசன் சாரா?"

"உங்க பயனர் பக்கத்துல கட அட்ரஸ் இருந்திச்சு. ரெண்டு நாள் லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். கட்டுரை நல்லாகீதுன்னு வரல. பரப்பளவும் தப்பு, மாத்துங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மூணுதான்னு நீங்களே வந்து எழுதினீங்க பாருங்க, அதுக்கோசரம் வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நகலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி அவளிடமே தள்ளினார்.

"உங்களுக்குத்தான். அடுத்த பக்கத்துல கலங்கலப் பத்தி நாலு வரி கீது. அத்த உட்டுடாதீங்க."