கோழிக்கு வாங்கிய பாண்

கத்தாரிலிருந்து வந்த தம்பி பெண்சாதி, பெருநாளைக்கு வழக்கமான இனிப்பு வட்டிலாப்பம் வேண்டாம், பழம் போட்ட பிரெஞ்ச் டோஸ்ட்டை ஓவனில் சுட்டுத் தருகிறேன் என்றாள். அதற்கு நேற்றைய பாண்தான் வேண்டுமாம். கல்முனைப் பேக்கரியில் அதைக் கேட்கவே மகாராணிக்கு வெட்கம்.

"கோழிக்கா தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

"ஓம், கோழிக்குத்தான்," என்றாள், கூடப் போயிருந்த என் முகத்தைப் பாராமல்.

பாணைப் பிய்த்துப் பாலும் முட்டையும் ஊற்றி, மேலே அன்னாசியை அடுக்கிச் சுட்டாள். அன்னாசி விட்ட தண்ணீரில் எல்லாம் களியாகிவிட்டது.

வாப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது நம்மட பாண் புடிங்தானே மகள்? ஏன் கண்ணீர் விட்டு அழுகுது?" என்றார். மற்றவர்களுக்குப் பார்த்ததுமே வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் தட்டைக் கோழிக் கூட்டடியில் கவிழ்த்தேன். பேக்கரியில் அவள் சொன்ன பொய்யை என் கோழிகள் கொத்திக் கொத்தி உண்மையாக்கின.