சனிக்கிழமை வந்த வளையங்கள்

பம்ப் மோட்டாருக்குள் ஒரு சின்னப் பீங்கான் வளையம் இருக்கும். தண்ணீர் மோட்டார் பக்கம் இறங்காமல் தடுப்பது அதுதான். எளிதில் தேயாது, ஆனால் அதிர்ச்சி தாங்காது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சும்மா ஓடிச் சூடேறியிருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் போதும், இரண்டாகப் பிளந்துவிடும்.

கல்லூரியில் என்னோடு படித்தவளும் நானும் அந்த வளையத்தை உடையாமல் செய்ய முயன்றோம். பீங்கான் மாவில் நிக்கல் பொடியைக் கலந்து சுட்டோம். விரிசல் ஓடுகிற வழியில் உலோகத் துணுக்கு இருந்தால், அது ரப்பர் மாதிரி இழுபட்டு இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். விரிசல் அங்கேயே நின்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நின்னுபோச்சு புள்ள, பாரு, நின்னுபோச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு அவள் கணபதி பகுதியில் ஒரு ஷெட் பிடித்து அடுப்பு வைத்தாள். நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சுடுவது அவள், சோதிப்பது நான். சனிக்கிழமைதோறும், அந்த வாரம் சுட்டதில் மாதிரிக்கு நான்கு வளையங்களை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்துக் கொண்டுவருவாள். வைர முனையால் அழுத்தி, விரிசல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பேன். தாளில் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தாளோடுதான் அந்த வாரத்து வளையங்கள் எல்லாம் பம்ப் கம்பெனிக்குப் போகும். பிறகு இரண்டு பேரும் கேண்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அந்த வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அன்னூரில் என் அத்தை தனியாக வாழைத் தோட்டம் பார்க்கிறார். நான் சொல்லித்தான் எங்கள் வளையம் போட்ட பம்ப்பை வாங்கினார். நான்காம் மாதம் போன் செய்தார்.

"கண்ணு, உங்க வளையம் ஒடஞ்சுபோச்சு. தண்ணி உள்ள பூந்து மோட்டாரே கருகிப்போச்சு. வாழை வாடுது. நீ ஒருக்கா வந்து பாக்கறயா?"

போனேன். மெக்கானிக் கழற்றி வைத்திருந்த துண்டுகளைக் கையில் எடுத்தேன். நிக்கல் தருகிற சாம்பல் நிறம் சரியாகத்தான் இருந்தது. உடைந்த முகம்தான் சரியில்லை. நிக்கல் கலந்தது உடைந்தால் சொரசொரப்பாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. மோட்டார் ரூமில் ஆணி பொறுக்குவதற்கு ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் கிடந்தது. எங்கள் வளையத்தில் நிக்கல் இருப்பதால் காந்தம் அதை இழுக்கும். இந்தத் துண்டு அசையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். வேறொரு துண்டையும் வைத்துப் பார்த்தேன்.

"என்ன கண்ணு, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்லைங்க அத்தை. போயிட்டு வாரனுங்க."

அங்கிருந்து நேராகக் கணபதிக்குப் போனேன். அவள் பீங்கான் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். துண்டை மேசை மேல் வைத்தேன்.

"இதுல நிக்கல் இல்லை."

மிஷினை அணைத்தாள். "எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்து வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

"காத்தை உள்ள உடாத கேஸு அடுப்புல நிக்க மாட்டீங்குது. துளி காத்து உள்ள போனாலும் நிக்கல் கெட்டு வளையமெல்லாம் பச்சை நெறமாப் போயிருது. பாதிக்கு மேல வீணு. கம்பெனிக்காரங்க தெனமும் கேக்கறாங்க. நிக்கல் போடாம, சாம்பக் கலரு வரச் சாயம் போட்டுச் சுட்டுப்போட்டேன்."

"சனிக்கிழமை எங்கிட்டக் கொண்டாந்ததெல்லாம்?"

"மொதல்ல நல்லா வந்ததுல ஒரு பொட்டி எடுத்து வெச்சிருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை வைத்துத்தான் என்னை ஏமாற்றியிருக்கிறாள். கேண்டீனில் எதிரே உட்கார்ந்து, "இந்த வாரமும் நல்லா வந்திருக்குதா?" என்று அவள் கேட்டதும், நான் பெருமையாகத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. என் மேலும் கோபம் வந்தது. வாரத்துக்கு வாரம் விரிசலின் நீளம் ஒரே மாதிரி இருந்தது. தனித்தனியாகச் சுட்டால் கொஞ்சமாவது மாறும். வேறு யாருடைய வளையமாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மறுநாள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். இதுவரை நான் கையெழுத்திட்ட தாள்களை நம்ப வேண்டாம், போட்ட வளையங்களை மாற்றிக் கொடுங்கள் என்று. கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. ஷெட்டை மூடும்படி ஆனது. அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." நான் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவள் நினைக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று வரை எங்களுக்குள் பேச்சு இல்லை.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள நம்மூட்டுல வந்து சாப்பிட்டிருக்குதல்லோ" என்றார்.

கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக் கம்பிச் சுருள் கட்டியதும், கடையில் விற்கிற சாதாரண வெள்ளை வளையம் ஒன்றை வாங்கிப்போய் மெக்கானிக்கோடு இருந்து நானே மாட்டினேன்.

"இது ஒடையாதா கண்ணு?"

"ஒடையுமுங்க அத்தை. தண்ணியில்லாம ஓட உட்றாதீங்க."

சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வாழைக்குப் பாய ஆரம்பித்தது.