தொடர்கதைக்காரி

சட்டைத் தொழிற்சாலையின் காலர் பிரிவில் அவளுக்குத் தொடர்கதை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கை பாட்டுக்குக் காலர் தைக்கும், வாய் பாட்டுக்குக் கதை சொல்லும். மாதக்கணக்காக ஒரே கதைதான். ஒருத்தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் அறைக்குள் போட்டுப் பூட்டுகிறான்; அவர்கள் தப்பிக்க வேண்டும்.

தப்பிக்கத்தான் மற்ற பெண்கள் விடுவதில்லை. ஜன்னல் கம்பியை அறுக்கிறாள் என்றால், "சத்தம் கேக்காதாடி?" என்பாள் பொத்தான் துளை தைக்கும் காஜா மிஷின்காரி. சாவியைத் திருடுகிறாள் என்றால், "அதை இடுப்புலயே முடிஞ்சிருப்பான்னு நேத்து நீதானே சொன்னே?" என்பாள். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் கதாநாயகிக்கு விழும் அடியை மட்டும் தொடர்கதை அச்சு அசலாகச் சொல்வாள், பெல்ட்டின் கொக்கி விலாவில் எப்படி இறங்கும் என்பதுவரை. "எங்கேருந்துதான் இதெல்லாம் பிடிக்கிறியோ" என்று வாயைப் பிளப்பார்கள். கொளுத்தும் வெயிலிலும் அவள் ஏன் முழுக்கைச் சட்டை போடுகிறாள் என்று அந்தப் புண்ணியவதிகளில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

தினமும் காலையில் தொடர்கதையின் புருஷன் மகளைப் பின்னறையில் பூட்டிவிட்டு இவளைக் கொண்டுவந்து விடுவான். வழியிலேயே ஓடிப்போக இவளுக்குக் கால் இல்லாமல் இல்லை. பிள்ளை அவன் பிடியில் இருந்தது. மாலையில் இவளையும் அதே அறையில் தள்ளிப் பூட்டிவிட்டுக் குடிக்கப் போவான்.

ஒருநாள் அவளுடைய மிஷினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினான்.

"ஏங்க்கா, உங்க கதாநாயகி பூட்டையே ஏன் பாத்துக்கிட்டு இருக்கா? கதவு உள்பக்கமாத்தானே திறக்குது? அப்போ கீல் உள்ளேதான் இருக்கும். கீழேருந்து ஆணியைத் தட்டினா மேல வந்துரும்."

"நடுவுல அவன் வந்தா குத்திக் கொன்னுரணும்" என்றாள் காஜா மிஷின்காரி. எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வேலை முடிந்து பார்த்தால் மெக்கானிக்கின் திருப்புளியைக் காணவில்லை.

அன்று மாலையே, திருப்புளியைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துச் செருப்பால் தட்டித் தட்டி மூன்று கீலிலும் ஆணியைக் கழற்றினாள். கடைசி ஆணி கையோடு வந்தபோது வாசலில் அவன் இருமல் கேட்டது. மகளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். அவன் பூட்டைத் திறந்து வழக்கம்போல் கதவை எட்டி உதைத்தான். கதவு அப்படியே உள்ளே சாய்ந்தது, அதன்மேல் அவனும் குப்புற விழுந்தான்.

மகளை வெளியே தள்ளிவிட்டு அவனைத் தாண்டினாள். கணுக்காலைப் பிடித்து இழுத்தான். விழுந்தவளின் வாயில் குத்தினான், பல் உடைந்தது. அவள் திருப்புளியை ஓங்கி இறக்கினாள். அது அவன் புறங்கையைத் துளைத்துக் கதவுப் பலகையில் நின்றது. கொன்னுரணும் என்ற குரல் காதுக்குள் கேட்டது. பிடுங்கிக் கழுத்தில் இறக்கத்தான் கையும் போனது.

"அம்மா, வா போலாம்" என்றாள் மகள்.

மறுநாள் காலை மகளோடு வேலைக்கு வந்தாள். முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு கதையை முடித்தாள்.

"கையை மட்டும் குத்திட்டு விட்டுட்டாளா?" காஜா மிஷின்காரிக்கு மனசே ஆறவில்லை. "நம்பற மாதிரியா இருக்கு?"

தொடர்கதை மெக்கானிக்கைப் பார்த்தாள். "உன் திருப்புளி கதவுலயே நிக்குது தம்பி. வேற வாங்கித் தந்துடறேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காஜா மிஷின்காரி குழந்தையைப் பார்த்தாள், விலகிய முக்காட்டுக்குள் வீங்கிக் கிடந்த உதட்டைப் பார்த்தாள். எழுந்து போய்த் தொழிற்சாலைக் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.